ஒரே கடையில் மட்டும் கிடைக்கும் கேம்: யாருக்கு லாபம்?

புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கியவர்கள் ஓரிரு மாதங்களில் என்னிடம் கேட்கும் கேள்விகளில் இதுவும் ஒன்று. "ஸ்டீம் இன்ஸ்டால் செய்து வைத்திருக்கிறேன். எனக்குப் பிடித்த கேமை அதில் தேடினால் இல்லை. எபிக் கேம்ஸ் ஸ்டோரில்தான் கிடைக்குமாம். அதற்காக இன்னொரு சாஃப்ட்வேரை இன்ஸ்டால் செய்ய வேண்டுமா? எல்லாக் கடையிலும் விற்றால் அவர்களுக்குத்தானே லாபம்?"

நியாயமான கேள்விதான். சோப்பு தயாரிப்பவர் ஊரில் உள்ள எல்லா மளிகைக் கடையிலும் தன் சோப்பு இருக்க வேண்டும் என்றுதான் நினைப்பார். கேம் தயாரிப்பவர், அதுவும் இரண்டு மூன்று பேர் சேர்ந்து தயாரிக்கும் சின்னக் குழுவினர், "என் கேம் இந்த ஒரு கடையில்தான் கிடைக்கும்" என்று ஏன் சொல்கிறார்கள்? இதற்கு விடை தெரிந்தால், நீங்கள் கொடுக்கும் பணம் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதும் புரிந்துவிடும்.

இணையக் கேம் கடை என்றால் என்ன?

முன்பெல்லாம் கேம் வாங்க வேண்டும் என்றால் சிடி அல்லது டிவிடி வாங்குவோம். இப்போது பெரும்பாலான கேம்கள் இணையம் வழியாக டவுன்லோட் செய்யப்படுகின்றன. இதற்கென்று உள்ள கடைகளில் மிகப் பெரியது ஸ்டீம். அமெரிக்காவின் வால்வ் நிறுவனம் 2003ல் இதைத் தொடங்கியது. முதலில் தங்கள் கேம்களுக்கு அப்டேட் அனுப்பத்தான் இதைப் பயன்படுத்தினார்கள். 2004ல் ஹாஃப் லைஃப் 2 என்ற கேமை விளையாட ஸ்டீம் கட்டாயம் என்றானது. பிறகு மற்ற நிறுவனங்களின் கேம்களும் அதில் விற்பனைக்கு வந்தன.

இந்தக் கடைகளில் நீங்கள் ஒரு கணக்கு தொடங்குகிறீர்கள். வாங்கும் கேம் எல்லாம் அந்தக் கணக்கில் சேர்கிறது. ஒரு கடையில் வாங்கிய கேமை இன்னொரு கடையின் கணக்குக்கு மாற்ற பொதுவாக வழியில்லை. அதனால்தான் பலர் எல்லாக் கேம்களையும் ஒரே இடத்தில் வைத்திருக்க விரும்புகிறார்கள். சிடி அலமாரியை இரண்டு வீட்டில் பிரித்து வைப்பது யாருக்குப் பிடிக்கும்?

இண்டி என்பவர்கள் யார்?

பெரிய நிறுவனங்களின் கேம்களில் நூற்றுக்கணக்கானவர்கள் வேலை செய்கிறார்கள். அப்படி இல்லாமல் தனி ஆளாகவோ சிறு குழுவாகவோ தயாரிப்பவர்களை 'இண்டி' என்று அழைக்கிறார்கள். இன்டிபென்டென்ட் என்ற சொல்லின் சுருக்கம் இது. ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் உள்ள ஹவுஸ் ஹவுஸ் என்ற குழு நான்கே பேர் கொண்டது. ஒரு வாத்து கிராமத்து மக்களைப் படாதபாடு படுத்தும் 'அன்டைட்டில்டு கூஸ் கேம்' இவர்கள் உருவாக்கியதுதான். அமெரிக்காவின் கிளம்பர்லேண்ட் குழு கணவன் மனைவி இருவர் தொடங்கியது. சின்னச் சின்ன உயிரினங்களைத் தோட்டத்தில் வளர்க்கும் 'ஊப்லெட்ஸ்' என்ற கேம் இவர்களுடையது.

இவர்களுக்கு உள்ள பெரிய சிக்கல் என்ன தெரியுமா? கேமை முடிக்க மூன்று நான்கு ஆண்டுகள்கூட ஆகலாம். அதுவரை விற்பனை வருமானம் கிடையாது. வீட்டு வாடகை, சாப்பாடு, கரண்ட் பில் எல்லாம் மாதாமாதம் வந்துகொண்டே இருக்கும். ஒரு வழியாக முடித்துக் கடையில் வைத்தாலும் கூட்டத்தில் காணாமல் போகலாம். ஸ்டீமில் 2024ஆம் ஆண்டில் மட்டும் 18 ஆயிரத்துக்கும் மேற்பட்ட கேம்கள் வெளியாகின. நாள் ஒன்றுக்கு ஏறக்குறைய 50 கேம்கள்! நல்ல கேமாக இருந்தாலும் அது உங்கள் கண்ணில் படும் என்பதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை.

70க்கு 30, 88க்கு 12

கடைக்காரர் சும்மா விற்றுத் தர மாட்டார். ஸ்டீமில் வழக்கமான பங்கு 30 சதவீதம். நீங்கள் 500 ரூபாய் கொடுத்து ஒரு கேம் வாங்கினால் 150 ரூபாய் கடைக்கு, 350 ரூபாய் தயாரித்தவருக்கு. (வரி போன்ற பிடித்தங்களை இங்கே கணக்கில் சேர்க்கவில்லை.) 2018 நவம்பர் இறுதியில் வால்வ் இதில் ஒரு மாற்றம் செய்தது. ஒரு கேமின் விற்பனை 1 கோடி டாலரைத் தாண்டினால் அதற்கு மேல் வருவதில் கடையின் பங்கு 25 சதவீதம், 5 கோடி டாலரைத் தாண்டினால் 20 சதவீதம். இதனால் பயன் பெற்றவர்கள் பெரிய நிறுவனங்கள்தான். சின்னவர்களுக்கு அதே 30தான்.

அடுத்த சில நாட்களில், 2018 டிசம்பர் 6 அன்று எபிக் கேம்ஸ் ஸ்டோர் திறக்கப்பட்டது. ஃபோர்ட்நைட் கேமைத் தயாரித்த அதே எபிக் நிறுவனம்தான். இவர்கள் அறிவித்த பங்கு 12 சதவீதம் மட்டுமே. அதே 500 ரூபாயில் தயாரித்தவருக்கு 440 ரூபாய் கிடைக்கும். ஒரு பிரதிக்கு 90 ரூபாய் கூடுதல்.

அப்படியானால் எல்லோரும் எபிக்குக்கு ஓடியிருக்க வேண்டுமே? ஓடவில்லை. காரணம் எளிது. கடை புதிது, வாடிக்கையாளர்கள் குறைவு. 440 ரூபாய் வீதம் 100 பேர் வாங்குவதைவிட 350 ரூபாய் வீதம் 1,000 பேர் வாங்குவது மேல். வாடிக்கையாளர் இல்லாததால் கேம் வராது, கேம் இல்லாததால் வாடிக்கையாளர் வரமாட்டார். இந்த முடிச்சை அவிழ்க்க எபிக் எடுத்த ஆயுதம்தான் 'எக்ஸ்க்ளூசிவ்' ஒப்பந்தம். குறிப்பிட்ட காலத்துக்கு, பெரும்பாலும் ஓராண்டுக்கு, கம்ப்யூட்டருக்கான பதிப்பைப் போட்டிக் கடைகளில் விற்கக் கூடாது. அதற்குப் பதிலாகப் பணம்.

நமக்குத் தெரிந்த எம்.ஜி. கணக்குதான்

இந்தப் பணம் எப்படிக் கொடுக்கப்படுகிறது என்பதில்தான் விஷயமே இருக்கிறது. பலர் நினைப்பது போல இது வெறும் அன்பளிப்பு அல்ல. தமிழ் சினிமா செய்திகள் படிப்பவர்களுக்கு 'மினிமம் கியாரண்டி', சுருக்கமாக எம்.ஜி. என்ற சொல் தெரிந்திருக்கும். தியேட்டர்காரர் ஒரு தொகையை முன்பே கொடுத்துவிடுவார். படம் ஓடவில்லை என்றால் அந்தப் பணத்தைத் திரும்பக் கேட்க முடியாது. படம் நன்றாக ஓடினால் அந்தத் தொகைக்கு மேல் வரும் வசூலில் தயாரிப்புத் தரப்புக்கும் பங்கு உண்டு. கேம் கடை ஒப்பந்தங்களிலும் பெயர்கூட இதேதான்.

ஒரு கற்பனைக் கணக்கு போட்டுப் பார்ப்போம். 500 ரூபாய் கேம், 12 சதவீதக் கடைப் பங்கு. உத்தரவாதத் தொகை 20 லட்சம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம்.

3,000 பிரதிகள் விற்றால் தயாரித்தவரின் பங்கு 13 லட்சத்து 20 ஆயிரம். ஆனால் அவர் கையில் ஏற்கெனவே 20 லட்சம் இருக்கிறது. குறையும் 6 லட்சத்து 80 ஆயிரத்தைக் கடைக்காரர்தான் ஏற்க வேண்டும்.

6,000 பிரதிகள் விற்றால் பங்கு 26 லட்சத்து 40 ஆயிரம். முன்பே வாங்கிய 20 லட்சம் போக, மீதி 6 லட்சத்து 40 ஆயிரம் பிறகு வந்து சேரும்.

எந்த ஒப்பந்தமும் இல்லாமல் 30 சதவீதக் கடையில் விற்று அதே 20 லட்சத்தை எடுக்க வேண்டும் என்றால் சுமார் 5,700 பிரதிகள் விற்றாக வேண்டும். விற்குமா? யாருக்கும் தெரியாது. அந்தத் 'தெரியாது' என்ற பயத்தைத்தான் கடைக்காரர் விலை கொடுத்து வாங்கிக்கொள்கிறார். இரண்டு பேர் கொண்ட குழுவுக்கு 70, 88 என்ற சதவீதத்தைவிட இது பெரிய விஷயம். கேம் தோற்றாலும் அடுத்த மாத வாடகை உண்டு என்பதுதான் அவர்களுக்குக் கிடைக்கும் உண்மையான சரக்கு.

ஒப்பந்தம் செய்தவர்கள் என்ன ஆனார்கள்?

முதல் உதாரணம் ஹேடீஸ். சான் பிரான்சிஸ்கோவின் சூப்பர்ஜயன்ட் கேம்ஸ் உருவாக்கியது. எபிக் கடை திறந்த அதே நாளில், முழுமை பெறாத சோதனைப் பதிப்பாக அங்கே மட்டும் விற்பனைக்கு வந்தது. விளையாடியவர்கள் சொன்ன குறை நிறைகளைக் கேட்டுக் கேமைச் செதுக்கினார்கள். ஓராண்டு கழித்து, 2019 டிசம்பரில் ஸ்டீமுக்கு வந்தது. முழுப் பதிப்பு 2020 செப்டம்பர் 17ல் வெளியானது. அந்த மாதமே மொத்த விற்பனை 10 லட்சம் பிரதிகளைத் தொட்டது. ஓராண்டு ஒரே கடையில் இருந்ததால் ஹேடீஸ் கெட்டுப்போகவில்லை.

வாத்து கேமும் அப்படித்தான். 2019 செப்டம்பரில் கம்ப்யூட்டருக்கு எபிக்கிலும், தனியாக நின்டென்டோ ஸ்விட்ச் கருவிக்கும் வெளியானது. ஆண்டு முடிவதற்குள் எல்லாம் சேர்த்து 10 லட்சம் பிரதிகளைத் தாண்டியது. ஓராண்டு கழித்து ஸ்டீமுக்கு வந்தது.

ஆனால் எல்லோருக்கும் வழி இவ்வளவு சுமூகமாக இருக்கவில்லை.

வசவு வாங்கிய இருவர்

ஊப்லெட்ஸ் குழுவினர் 2019 ஆகஸ்ட் தொடக்கத்தில் எபிக் ஒப்பந்தத்தை அறிவித்தார்கள். எல்லாக் கடைகளிலும் விற்று எவ்வளவு சம்பாதிக்க நினைத்தார்களோ, அந்த அளவுக்கு உத்தரவாதத் தொகை கிடைத்தது என்று வெளிப்படையாகவே சொன்னார்கள். அறிவிப்பைக் கொஞ்சம் கிண்டலான தொனியில் எழுதியிருந்தார்கள். அவ்வளவுதான். ஆயிரக்கணக்கில் வசவுகளும் மிரட்டல்களும் வந்து குவிந்தன. அவர்கள் சொல்லாததைச் சொன்னதாகக் காட்டும் போலி ஸ்கிரீன்ஷாட்டுகள்கூடப் பரவின. கேம் அப்போது விற்பனைக்கே வரவில்லை என்பதை நினைவில் வையுங்கள். அவர்கள் செய்தது தங்கள் சரக்கை எந்தக் கடையில் வைப்பது என்று முடிவு செய்ததுதான். கேம் 2020ல் சோதனைப் பதிப்பாகவும் 2022ல் முழுமையாகவும் வெளியாகி, 2023ல் ஸ்டீமுக்கும் வந்தது.

இரண்டாவது கதை வேறு மாதிரி. பல்கேரியாவில் உள்ள ஸ்னாப்ஷாட் கேம்ஸ், ஃபீனிக்ஸ் பாயின்ட் என்ற கேமுக்காக 2017ல் ரசிகர்களிடமே நிதி திரட்டியது. 7 லட்சம் டாலருக்கு மேல் சேர்ந்தது. பணம் கொடுத்தவர்களுக்கு ஸ்டீம் அல்லது ஜிஓஜி கடையில் கேம் தருவதாகச் சொல்லியிருந்தார்கள். 2019 மார்ச்சில், முதல் ஓராண்டு எபிக் கடையில் மட்டும் என்று அறிவித்தார்கள். கேட்டவர்களுக்குப் பணத்தைத் திருப்பித் தர முன்வந்தார்கள். ஓராண்டு கழித்து ஸ்டீம் அல்லது ஜிஓஜி பிரதியும் தருவதாகச் சொன்னார்கள். ஆனாலும் கோபம் அடங்கவில்லை.

இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது என்பது என் கருத்து. கல்யாண மண்டபத்துக்கு முன்பணம் வாங்கிய பிறகு "மண்டபம் மாறிவிட்டது, வேண்டுமானால் பணத்தைத் திருப்பித் தருகிறேன்" என்றால் கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டு. ஆனால் முன்பணமே கொடுக்காதவர், "நீ ஏன் அந்தத் தெருவில் மண்டபம் கட்டினாய்?" என்று சண்டைக்குப் போவது என்ன நியாயம்? ஃபீனிக்ஸ் பாயின்ட்டுக்குப் பணம் கொடுத்தவர்களின் வருத்தத்தில் காரணம் இருந்தது. ஊப்லெட்ஸ் குழுவினர் மீது விழுந்த வசவுக்கு எந்தக் காரணமும் இல்லை.

வேண்டாம் என்றவர்

ஒப்பந்தத்தை மறுத்தவர்களும் உண்டு. டார்க் என்ற திகில் புதிர் கேமைப் பெரும்பாலும் தனி ஆளாக உருவாக்கியவர் விளாட் மார்ஹுலெட்ஸ். ஸ்டீமில் வெளியாகும் தேதியை 2019ல் அவர் அறிவித்த பிறகு எபிக்கிலிருந்து எக்ஸ்க்ளூசிவ் அழைப்பு வந்தது. மற்ற கடைகளோடு சேர்த்து உங்கள் கடையிலும் விற்கலாமா என்று கேட்டார். முடியாது என்று பதில் வந்தது. தொகை எவ்வளவு என்ற பேச்சுக்கே போகாமல் மறுத்துவிட்டார். ஸ்டீமில் வரும் என்று நம்பிக் காத்திருப்பவர்களிடம் வாக்கு மாறக் கூடாது என்பது அவர் சொன்ன காரணம். அந்த ஆகஸ்டில் ஸ்டீமிலும் ஜிஓஜியிலும் கேம் வந்தது. 2021ல் அதே டார்க் எபிக் கடையிலும் இலவச கேமாகத் தரப்பட்டது என்பது சுவையான பின்கதை.

வாரம் ஒரு இலவசம் எப்படி?

எபிக் கடையில் வாரந்தோறும் கேம் இலவசமாகக் கிடைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அதை உருவாக்கியவருக்கு நஷ்டமோ என்று நினைக்க வேண்டாம். கடை அவருக்குத் தனியாகப் பணம் கொடுக்கிறது. எபிக்குக்கும் ஆப்பிளுக்கும் நடந்த வழக்கில் 2021ல் வெளியான ஆவணங்களில் இந்தத் தொகைகள் தெரிந்தன. 2018 டிசம்பரில் முதல் இலவசமாகத் தரப்பட்ட சப்நாட்டிகா என்ற கேமுக்கு 14 லட்சம் டாலர் கொடுத்திருக்கிறார்கள். 2020ஆம் ஆண்டுக்கு மட்டும் மினிமம் கியாரண்டியாக எபிக் ஒப்புக்கொண்ட தொகை 44 கோடியே 40 லட்சம் டாலர்.

இவ்வளவு பணம் எங்கிருந்து? ஃபோர்ட்நைட் சம்பாதித்துக் கொடுத்தது. கடை சம்பாதிக்கவில்லை. 2023 நவம்பரில் கூகுளுக்கு எதிரான வழக்கில் சாட்சி சொன்ன எபிக் கடையின் பொறுப்பாளர், கடை இன்னும் லாபத்துக்கு வரவில்லை என்றே சொன்னார்.

எபிக் நிறுவனத் தலைவர் டிம் ஸ்வீனி 2019 ஏப்ரலில் ஒரு வாக்குறுதி தந்தார். ஸ்டீம் எல்லாத் தயாரிப்பாளர்களுக்கும் நிரந்தரமாக 88 சதவீதம் தந்தால் எக்ஸ்க்ளூசிவ் ஒப்பந்தங்களை விட்டுவிடுகிறோம் என்றார். ஸ்டீம் மாறவில்லை. மாறியது எபிக்கின் முறை. 2023ல் அறிவித்த 'ஃபர்ஸ்ட் ரன்' திட்டத்தில், ஆறு மாதம் எபிக்கில் மட்டும் விற்றால் அந்த ஆறு மாத வருமானம் 100 சதவீதமும் தயாரித்தவருக்கே என்றார்கள். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? நம் எம்.ஜி. கணக்கை நினைத்துப் பாருங்கள். இந்தத் திட்டத்தில் முன்பணம் இல்லை. 100 பிரதி விற்றால் 100 பிரதிக்கான பணம்தான். விற்காவிட்டால் நஷ்டம் தயாரித்தவர் தலையில். சதவீதம் கூடியது, உத்தரவாதம் போனது. சின்னக் குழுவுக்கு இரண்டில் எது முக்கியம் என்பதை நான் சொல்ல வேண்டியதில்லை.

2025 ஜூனிலிருந்து இன்னொரு மாற்றம். எபிக் கடையில் ஒரு கேமுக்கு ஆண்டுதோறும் முதல் 10 லட்சம் டாலர் வருமானம் வரை கடைப் பங்கு கிடையாது. இதற்கு ஒரே கடையில் விற்க வேண்டும் என்ற நிபந்தனையும் இல்லை. சின்னவர்களுக்கு இது நல்ல செய்திதான். ஆனால் வாங்க ஆள் வேண்டுமே என்ற பழைய கேள்வி அப்படியே இருக்கிறது.

நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

1. தேடும் கேம் ஒரு கடையில் இல்லை என்றால், கேமைத் தயாரித்தவரின் இணையதளத்தைப் பாருங்கள். எந்தெந்தக் கடையில், எப்போது கிடைக்கும் என்று அங்கே இருக்கும். கண்ட தளத்தில் 'இலவசம்' என்று இருப்பதை டவுன்லோட் செய்து வைரஸை வீட்டுக்கு அழைக்காதீர்கள்.

2. இரண்டு கடைச் சாஃப்ட்வேர்களையும் ஒரே கம்ப்யூட்டரில் வைத்திருக்கலாம். கணக்கு தொடங்கக் கட்டணம் இல்லை. ஒன்றை அன்இன்ஸ்டால் செய்தாலும் வாங்கிய கேம்கள் கணக்கில் இருக்கும். இரண்டுக்கும் வெவ்வேறு பாஸ்வேர்ட் வையுங்கள்.

3. அவசரமில்லை என்றால் காத்திருங்கள். மேலே பார்த்தது போலப் பல ஒப்பந்தங்கள் ஓராண்டில் முடிந்துவிடுகின்றன. அதற்குள் பிழைகளும் திருத்தப்பட்டிருக்கும், தள்ளுபடியும் வரலாம்.

4. வாங்கிய கேம் உங்கள் கம்ப்யூட்டரில் சரியாக ஓடவில்லையா? ஸ்டீமிலும் எபிக்கிலும் பொதுவாக வாங்கிய 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பக் கேட்கலாம்.

5. இன்ஸ்டால் ஃபைலை உங்களிடமே வைத்துக்கொள்ள வேண்டுமா? ஜிஓஜி கடையில் காப்புப் பூட்டு இல்லாமல் கேம்கள் கிடைக்கின்றன. டவுன்லோட் செய்து வேறு டிஸ்க்கில் பத்திரப்படுத்தலாம்.

6. தயாரித்தவருக்கே அதிகம் போக வேண்டும் என்று நினைத்தால் இட்ச்.ஐஓ தளத்தையும் பாருங்கள். அங்கே கடைக்கு எவ்வளவு பங்கு என்பதைத் தயாரித்தவரே தீர்மானிக்கலாம். கேட்ட விலைக்கு மேல் கொடுக்க நினைத்தால் நீங்களும் கொடுக்கலாம்.

7. இன்னும் வெளிவராத கேமுக்கு முன்பணம் கொடுப்பதாக இருந்தால், எந்தக் கடையில் தருவார்கள், மாறினால் பணம் திரும்புமா என்பதை முதலில் படித்துவிடுங்கள். ஃபீனிக்ஸ் பாயின்ட் நமக்குத் தரும் பாடம் இதுதான்.

இனி ஒரு கேம் 'இங்கே மட்டும்' என்று வந்தால், கடைக்காரர் உங்களை வளைத்துப் பிடிக்கிறார் என்று மட்டும் நினைக்காதீர்கள். அது உண்மைதான், ஆனால் பாதி உண்மை. மறுபாதியில், கேமை முடிக்கும்வரை சமாளிக்க வேண்டிய இரண்டு பேரோ நான்கு பேரோ இருக்கிறார்கள். காத்திருப்பதா, இன்னொரு கணக்கு தொடங்குவதா, வேண்டாம் என்று விடுவதா என்பது உங்கள் விருப்பம். மூன்றில் எதைச் செய்தாலும், திட்டி மெயில் அனுப்புவதை மட்டும் விட்டுவிடுங்கள்.